ஓர் எழுத்தும் குறையாமல்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலையை அடுத்த ஓர் அடுக்குமாடி வீட்டில் ஏழு பழைய குறிப்பேடுகள் இருந்தன. அவற்றை எழுதியவர் அவ்வீட்டின் தாத்தா. அவர் இளமையில் மலாயா இரயில்வேயில் பணியாற்றியவர். இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடத்தில் அன்று இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பரந்த தளம் இருந்தது. அங்குக் கழிந்த பல்லாண்டுகளைத் தாத்தா நாள்தவறாமல் தமிழில் எழுதி வைத்திருந்தார். எந்தச் சரக்கு வண்டி எப்போது கிள்ளானுக்குப் புறப்பட்டது, எந்த நண்பரின் மகளுக்குத் திருமணம், எந்த மழையில் தண்டவாளம் நீரில் மூழ்கியது என அனைத்தும் அதில் இருந்தன.

தாத்தாவின் கண்பார்வை மங்கத் தொடங்கியதும், படிவம் நான்கில் பயிலும் அவருடைய பேத்தி அக்குறிப்பேடுகளைக் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பல மாதங்களுக்குப் பின் வேலை முடிந்தது. கோப்பைக் கிள்ளானில் வாழும் சின்னத்தாத்தாவின் குடும்பத்திற்கும் ஒரு படி அனுப்பி வைக்கலாம் என்று வீட்டில் முடிவாயிற்று.

“பக்கங்களின் படங்களும் சேர்ந்து கோப்பு பெரிதாகிவிட்டது, தாத்தா. சுருக்கி அனுப்பப் போகிறேன்,” என்றாள் பேத்தி.

தாத்தா சற்று யோசித்தார். “சுருக்குவது என்றால் கொஞ்சத்தை விட்டுவிடுவதுதானே, அம்மா? என் எழுத்தில் எதை விடப் போகிறாய்?”

“எதையும் விடமாட்டேன். அங்கே விரித்தால் அப்படியே வந்துவிடும்.”

“ஓர் எழுத்துகூடக் குறையாமலா? உனக்கு எப்படித் தெரியும்?”

பேத்தியிடம் பதில் இல்லை. இதுநாள்வரை அவள் எத்தனையோ கோப்புகளைச் சொடுக்கிச் சுருக்கியிருக்கிறாள், சொடுக்கி விரித்துமிருக்கிறாள். எல்லாரும் சொல்வதால் நம்பினாளே தவிர, தானாகச் சோதித்துப் பார்த்ததில்லை. தாத்தாவின் கேள்வி நியாயமானது என்று அவளுக்குப் பட்டது.

உண்மையில், சுருக்குதல் இரு வகைப்படும். திறன்பேசியில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் முறையில் சேமிக்கப்படுகின்றன. அம்முறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கைவிட்டுவிடுகிறது. கைவிட்டவை திரும்ப வாரா. இது இழப்புள்ள சுருக்கம். மற்றொன்று இழப்பில்லாச் சுருக்கம். இதில் கோப்பு சிறியதாகும். ஆனால், விரிக்கும்போது ஒரு புள்ளியும் மாறாமல் பழைய கோப்பே மீண்டும் கிடைக்கும். எழுத்துகளுக்கும் கணக்குகளுக்கும் இந்த இரண்டாம் வகையே ஏற்றது.

எதையும் விடாமல் ஒன்றைச் சிறியதாக்குவது எப்படி? விடை, திரும்பத் திரும்ப வருபவற்றில் இருக்கிறது. தாத்தாவின் குறிப்பேட்டில் ‘கிள்ளான் நிலையம்’ என்ற சொற்றொடர் அடிக்கடி வருகிறது. முதன்முறை அதை முழுமையாக எழுதிவிட்டால் போதும். அடுத்த முறை, ‘இத்தனை இடம் பின்னால் சென்று, அங்கிருந்து இத்தனை எழுத்துகளை எடுத்துக்கொள்’ என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதினால் சொற்றொடர் மீண்டும் கிடைத்துவிடும். இவ்வழியை 1977-ஆம் ஆண்டில் யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இரண்டு இஸ்ரேலிய அறிஞர்கள் வெளியிட்டனர்.

அதற்கு முன்பே மற்றொரு வழியும் கண்டறியப்பட்டிருந்தது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் மாணவர்களிடம், இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒப்படைக்கலாம் என்றார். டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு எனப் பிரித்துக் கொடுக்கும் மிகச் சிறந்த முறை எது என்பதே அவருக்குக் கிடைத்த சிக்கல். பல மாதங்கள் முயன்று, கைவிட்டுவிடலாம் என்று எண்ணிய வேளையில் அவருக்கு விடை கிடைத்தது. அது 1952-ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு மாணவரின் பயிற்சிப் பணியாகப் பிறந்த அந்த முறையை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது.

இதைக் கேட்ட தாத்தாவின் முகம் மலர்ந்தது. “தந்தியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘இ’ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி,” என்றார். பேத்தி வியந்தாள். மோர்ஸ் குறியீட்டிற்கும் தன் மடிக்கணினிக்கும் இடையே இப்படியோர் உறவு இருக்குமென்று அவள் எண்ணியதில்லை.

இவ்விரு வழிகளையும் இணைத்த ‘டிஃபிளேட்’ என்னும் முறையை ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். அம்முறையில் இயங்கும் ‘இசட்லிப்’ என்ற நிரலகத்தைப் பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-லூ கெய்லியும் அமெரிக்கரான மார்க் ஆட்லரும் எழுதினர். அது 1995-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலில் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. நிரலகம் என்பது பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. அக்காலத்தில் இணையப் படங்களுக்குப் பயன்பட்ட ‘கிஃப்’ வடிவத்தின் சுருக்கும் முறைக்கு ஒரு நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கோரியதால், எவருக்கும் கட்டுப்படாத புதிய வடிவமாகப் ‘பிஎன்ஜி’ உருவானது. அதற்குத் துணையாகவே இசட்லிப் எழுதப்பட்டது.

இசட்லிப் திறந்தமூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது. நிபந்தனைகளும் சிலவே. எழுதியவர் தாமே என்று பொய் சொல்லக்கூடாது; மாற்றினால் மாற்றியது என்று குறிப்பிட வேண்டும்; உரிம அறிவிப்பை நீக்கக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் அண்ணனிடம் பேத்தி தாத்தாவின் கேள்வியைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, “மற்றவர் கட்டித் தந்ததைச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் பதில் கிடைக்காது. மூல நிரலை எடுத்து நீயே கட்டிப் பார். பிறகு தாத்தாவிடம் உன் சொந்தச் சொல்லில் பதில் சொல்லலாம்,” என்றான்.

‘கட்டுதல்’ என்ற சொல்லைத் தாத்தா உடனே பற்றிக்கொண்டார். அவர்கள் வாழும் இடத்தின் பெயரே அதற்குச் சான்று. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கடைகளை இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று, மறு ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். செங்கல் தேவை பெருகியது. அதற்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளைகள் அமைத்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

“செங்கல்லை இலவசமாகவே கொடுத்தாலும் வீடு தானாக எழுந்துவிடாது. கொத்தனார் வேண்டும்; நூல் பிடித்துப் பார்க்க ஆள் வேண்டும்,” என்றார் தாத்தா.

கணினியில் அந்தக் கொத்தனாரின் வேலையைச் செய்வது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் ‘சி’ மொழி நிரலை, கணினி மட்டும் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக அது மாற்றுகிறது. விண்டோஸ் கணினியில் தொகுப்பி முன்கூட்டியே இருப்பதில்லை. ஆகவே, பேத்தி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விஷுவல் ஸ்டூடியோவை, மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பதிப்பில், நிறுவிக்கொண்டாள். பிறகு இசட்லிப்பின் மூல நிரலைப் பதிவிறக்கம் செய்தாள். அதுவும் சுருக்கப்பட்ட கோப்பாகவே வந்தது! சுருக்கும் கருவியைக் கட்டுவதற்கே சுருக்கியதை விரிக்க வேண்டியிருந்ததை எண்ணி அவள் சிரித்துக்கொண்டாள்.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கட்டுமானப் பணியை நடத்தும் ‘என்மேக்’ என்ற கட்டளையைத் தட்டச்சு செய்தாள். அப்படியொரு கட்டளையே தனக்குத் தெரியாது என்று கணினி மறுத்தது. எழுத்துப்பிழையோ என்று மீண்டும் தட்டினாள், அதே பதில். ஒரு மாலைப் பொழுது அதிலேயே கழிந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. சாதாரணக் கட்டளைச் சாளரத்திற்குத் தொகுப்பி எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாது. விஷுவல் ஸ்டூடியோவுடன் வரும் தனிச் சாளரத்திற்கே அது தெரியும். அச்சாளரத்தைத் திறந்து, விண்டோஸுக்கென வழங்கப்பட்டுள்ள வழிமுறைக் கோப்பைச் சுட்டிக்காட்டியதும் வேலை நடந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் வரிவரியாக ஓடியது. சிறிது நேரத்தில் நிரலகம் உருவாகிவிட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த நிரலகத்தைத் தான் எழுதிய சிறு நிரலோடு இணைக்க முயன்றபோது பிழைச் செய்திகள் வந்தன. நிரலகத்தை 32 பிட் சாளரத்திலும் தன் நிரலை 64 பிட் சாளரத்திலும் கட்டியிருந்தாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

தாத்தாவுக்கு இது உடனே புரிந்தது. கே.எல். சென்ட்ரலில் கேடிஎம் இரயிலும் விமான நிலையத்திற்குச் செல்லும் விரைவு இரயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால், கேடிஎம் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். விரைவு இரயிலின் தண்டவாளத்திற்கோ 1,435 மில்லிமீட்டர். “ஒரே நிலையம்தான். அதற்காக இந்த வண்டியை அந்தத் தண்டவாளத்தில் ஓட்ட முடியுமா?” என்று கேட்டார். பேத்தி இரண்டையும் 64 பிட்டிலேயே மீண்டும் கட்டினாள். பிழைச் செய்திகள் மறைந்தன.

இசட்லிப்போடு ஒரு சோதனை நிரலும் வருகிறது. அது ‘ஹலோ, ஹலோ!’ என்ற வாசகத்தைச் சுருக்கி விரித்துச் சரிபார்க்கிறது. நிரல் எழுதுவோர் வழக்கமாக ‘ஹலோ, உலகம்’ என்றுதான் எழுதுவார்கள். ஒரே சொல் இருமுறை வந்தால்தான் சுருக்கும் திறன் நன்கு சோதிக்கப்படும் என்பதால் இங்கே மாற்றியிருக்கிறார்கள். மூல நிரலில் அக்காரணத்தைப் படித்தபோது, எங்கோ தொலைவில் இருப்பவர் தன் அருகில் அமர்ந்து விளக்குவது போல அவளுக்குத் தோன்றியது.

அடுத்து, தாத்தாவின் கோப்பு. நிரலகத்தோடு சேர்ந்து உருவாகும் ‘மினிஜிசிப்’ என்ற சிறு கருவி, சுருக்கி முடித்ததும் மூலக் கோப்பை நீக்கிவிடும். இதை முன்கூட்டியே படித்தறிந்த பேத்தி, முதலில் ஒரு படியை விரலியில் பத்திரப்படுத்தினாள். ஏழு குறிப்பேடுகளின் எழுத்துகளும் அடங்கிய கோப்பு சில நொடிகளில் பல மடங்கு சிறியதாகிவிட்டது.

தமிழ்க் கோப்பு இவ்வளவு சுருங்குவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இன்று பரவலாக உள்ள ‘யூடிஎஃப் 8’ குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. ‘மலேசியா’ என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள் உள்ளன. எனவே, அச்சொல் 21 பைட் இடம் கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதினால் 8 பைட்தான். ஆனால், தமிழுக்குரிய அந்த மூன்று பைட்களில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவதும் இரண்டே வகைதான். ஒன்றே திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கும் கருவிக்கு அது நல்ல தீனியாகிறது. கணினியில் தமிழ் அதிக இடம் கொள்கிறது என்ற குறையைச் சுருக்கம் பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது.

பின்னர் அவள் கோப்பை விரித்தாள். விரலியில் வைத்திருந்த படியோடு ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடுமாறு கணினிக்குக் கட்டளையிட்டாள். வேறுபாடு எதுவுமில்லை என்று திரையில் வந்தது.

“ஒப்பிடும் கருவி கவனிக்கத் தவறியிருந்தால்?” என்று தாத்தா விடவில்லை.

அதையும் சோதித்தாள். ஒரு படியில் ‘மனம்’ என்று வந்த ஓரிடத்தில் மட்டும் ‘மணம்’ என்று மாற்றினாள். றன்னகரம் டண்ணகரமானதால் அம்முழுக் கோப்பிலும் ஒரே ஒரு பைட்தான் வேறுபட்டது. கணினி அந்த ஒரு பைட்டையும் சரியாகச் சுட்டிக்காட்டியது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்துகொண்டார். “என் தமிழாசிரியரைவிடக் கண்டிப்பாக இருக்கிறதே!” என்றார்.

வார இறுதியில் வீடு திரும்பிய அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தான். பாராட்டிவிட்டு, “நீ பதிவிறக்கிய மூல நிரல் சரியானதுதான் என்று எப்படி நம்பினாய்?” என்று கேட்டான். பிறகு 2024-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொன்னான்.

‘எக்ஸ்இசட்’ என்பதும் ஒரு திறந்தமூலச் சுருக்கக் கருவி. அதை நீண்ட காலம் ஒருவரே தம் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். வேலைச்சுமையால் அவர் களைத்திருந்த நிலையில், ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகளைச் செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு, பிறர் கணினிக்குள் நுழைய வழிவிடும் தீய நிரலை அதில் மறைத்து வைத்தார். எல்லாரும் பார்க்கும் மூல நிரலில் அல்லாமல், பதிவிறக்கத்திற்கென வெளியிட்ட தொகுப்பின் கட்டுமான வழிமுறையில்தான் அதை இயக்கிவிடும் பகுதி இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். ‘அரை நொடிதானே’ என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிச் சென்றார். 2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் அவர் உண்மையை வெளியிட்டார். உலகின் பல இலட்சம் கணினிகளுக்கு அது பரவும் முன்பே தடுக்கப்பட்டது.

பேத்தி சற்று நேரம் பேசவில்லை. “அப்படியானால் திறந்தமூலம் ஆபத்தானதா, அண்ணா?”

“திறந்திருந்ததால்தான் ஒருவரால் உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால், திறந்திருந்தால் மட்டும் போதாது. யாராவது பார்க்க வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிட்டால் யாருமே பார்க்க மாட்டார்கள்.”

இசட்லிப்பை வழங்குவோர் ஒவ்வொரு தொகுப்புக்கும் விரல்ரேகை போன்ற 64 இலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டை வெளியிடுகின்றனர். தொகுப்பில் ஒரு பைட் மாறினாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். அண்ணன் கற்றுக்கொடுத்தபடி பேத்தி தன் கணினியில் அக்குறியீட்டைக் கணக்கிட்டு, வெளியிடப்பட்டதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டாள். இரண்டும் ஒத்திருந்தன. தொகுத்தவரே தவறு செய்தால் அதை இந்தக் குறியீடு காட்டிக்கொடுக்காது. ஆயினும், வழியில் எவரும் மாற்றவில்லை என்பதற்கு அது சான்று.

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். வடத்தைப் பிடித்தவர் அனைவரும் இழுத்தால்தான் தேர் நகரும். கணினித் தமிழும் அவ்வாறு நகர்ந்ததே. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அவருடைய ‘செல்லினம்’ கைப்பேசிகளில் தமிழை எழுத வழிவகுத்தது. 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பல நாடுகளைச் சேர்ந்தோர் எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் என ஆளுக்கொரு பகுதியைச் சுமந்தனர். அவர்களின் உழைப்பு இல்லையென்றால் தாத்தாவின் குறிப்பேடுகள் கணினிக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

அன்றிரவு சுருக்கிய கோப்பு கிள்ளானுக்குப் போயிற்று. அதனுடன் பேத்தி ஒரு சிறு குறிப்பையும் அனுப்பினாள். எந்தக் கருவியால் சுருக்கினாள், எப்படி விரிப்பது, விரித்தது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என அனைத்தும் அதில் இருந்தன. இசட்லிப்பை எழுதிய இருவரின் பெயர்களையும் அவள் மறக்காமல் சேர்த்திருந்தாள். மறுநாள் காலை சின்னத்தாத்தாவின் பேரன் புலனத்தில் பதில் அனுப்பினான். அவனும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தான். வேறுபாடு எதுவுமில்லை.

செய்தியைப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டினாள்.

“இப்போது நம்புகிறீர்களா, தாத்தா?”

“நீ சொன்னதற்காக இல்லை,” என்றார் தாத்தா. “நீ பார்த்துவிட்டுச் சொன்னதற்காக நம்புகிறேன்.”